சேமித்த கட்டுரை திறக்க மறுக்கிறதா? அறிகுறியிலிருந்து தொடங்குவோம்

முதலில் ஒரு சோதனை. கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது, 'பிறகு படிக்கலாம்' என்று போன மாதம் ஒதுக்கிவைத்த கட்டுரை ஒன்றைத் திறங்கள். முழுக் கட்டுரையும் வந்தால் உங்களிடம் கட்டுரை இருக்கிறது. வெள்ளைத் திரையோ சுழலும் வட்டமோ வந்தால் உங்களிடம் இருப்பது முகவரி மட்டும். வீடு இன்னும் அங்கே நிற்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டையுமே 'சேமித்துவிட்டேன்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் சுட்டி, உலாவியின் புத்தகக்குறி, டெலிகிராமில் போட்டுவைப்பவை எல்லாம் முகவரி ரகம். இன்ஸ்டாபேப்பர், வாலபேக் போன்றவை கட்டுரையின் உரையைத் தம் வழங்கிக்கு, அதாவது சர்வருக்கு, கொண்டுபோய் வைத்துக்கொள்பவை. சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சி, பக்கத்தைப் படங்களோடு சேர்த்து ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக உங்கள் கணினியிலேயே இறக்கிவிடும். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த மூன்றில் எது நம்மிடம் இருக்கிறது என்று தெரியாததால் வருபவை. மீதி, தமிழ் எழுத்துக்கே உரிய தொல்லைகள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்களில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போய்விடலாம்.

அறிகுறி: சேவையையே மூடிவிட்டார்கள், கையில் ஒரு ஜிப் கோப்பு மட்டும் இருக்கிறது

பெரும்பாலும் இது பாக்கெட் என்ற 'பிறகு படிக்கும்' சேவையைப் பயன்படுத்தியவர்களின் கதை. 2007-இல் 'ரீட் இட் லேட்டர்' என்ற பெயரில் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியாகத் தொடங்கி, 2012-இல் பாக்கெட் என்று பெயர் மாறி, 2017-இல் மொஸில்லாவின் கைக்குப் போன அந்தச் சேவை 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் அதே ரகச் சேவையான ஆம்னிவோர் மூடியது. 2016 செப்டம்பரில் ரீடபிலிட்டி. ஆம்னிவோர் திறமூல மென்பொருள். அதன் குழுவை எலெவன்லேப்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்ட சில வாரங்களில் சேவை நின்றுபோனது. நிரலைத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்பதற்காக, அவர்கள் வழங்கியில் கிடக்கும் நம் கட்டுரை பத்திரம் என்று ஆகிவிடாது.

பாக்கெட் தந்த ஜிப்பைப் பிரித்தால் உள்ளே சி.எஸ்.வி. கோப்புகள், அதாவது வெறும் உரையாலான அட்டவணைகள், இருக்கும். தலைப்பு, சுட்டி, சேர்த்த நேரம், குறிச்சொல், படித்தாயிற்றா இல்லையா என்ற நிலை ஆகியவை மட்டும்தான். கட்டுரை ஒரு வரிகூட அதில் இல்லை. எட்டு வருடம் சேர்த்ததெல்லாம் இந்தக் கோப்பில் இருக்கிறது என்று நம்பி ஜிப்பைப் பிரிக்காமலே வைத்திருக்கும் நண்பர்களை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது இது. முதலில் அந்த ஜிப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து ஒதுக்கிவிடுங்கள். சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள்; அது எக்செலில் திறக்கும், தமிழ்த் தலைப்புகள் குலைந்து தெரியும், பதறிப்போய்ச் சேமித்தீர்கள் என்றால் குலைந்தபடியே நிலைத்துவிடும். எக்செலில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் 'டேட்டா' தாவலுக்குப் போய், உரைக் கோப்பிலிருந்து கொண்டுவரும் வழியைத் தேர்ந்து, குறியாக்கப் பட்டியலில் (எழுத்துகளை எண்களாக எழுதிவைக்கும் முறைகளின் பட்டியல்) 65001 என்ற எண்ணுடைய யு.டி.எஃப்.-8-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருத்துவதானால் நோட்பேட் போதும்.

பிறகு அந்த சி.எஸ்.வி.யை இன்ஸ்டாபேப்பரிலோ வாலபேக்கிலோ ரெய்ன்டிராப்பிலோ இறக்குமதி செய்யலாம். மூன்றும் பாக்கெட் கோப்பை ஏற்றுக்கொள்கின்றன. இன்ஸ்டாபேப்பர் 2008-இலிருந்து இருக்கிறது. இடையில் பீட்டாவொர்க்ஸ், பின்டரெஸ்ட் என்று கைமாறி, 2018-இல் மறுபடி தனித்து வந்துவிட்டது. பாக்கெட்டை உள்ளே வைத்திருந்த கோபோ மின்படிப்பான்களும் இப்போது இன்ஸ்டாபேப்பருக்கு மாறியிருக்கின்றன. எதையும் நிறுவாமல், காசும் கொடுக்காமல் இன்றைக்கே தொடங்க வேண்டும் என்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ரெய்ன்டிராப் அடிப்படையில் முகவரிப் பெட்டி. பக்கத்தின் நிரந்தரப் பிரதி அதில் கட்டணக் கணக்குக்குத்தான் உண்டு.

வாலபேக்கை உங்கள் சொந்த வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளலாம், அல்லது ஆண்டுக் கட்டணம் கட்டி அவர்கள் இடத்தில் வைக்கலாம். கட்டுரைகளை இ-பப் என்ற மின்னூல் கோப்பாக ஏற்றுமதி செய்ய முடியும் என்பது அதில் எனக்குப் பிடித்தது. 2013-இல் பிறந்தபோது அதன் பெயர் 'போஷ்'. பிரெஞ்சு மொழியில் சட்டைப்பை என்று பொருள். பாக்கெட் தரப்பு ஆட்சேபிக்க, அடுத்த ஆண்டே பெயரை மாற்றிக்கொண்டார்கள். இன்று பெயருக்காகச் சண்டை போட்ட சேவை இல்லை, பெயரை விட்டுக்கொடுத்த சேவை இருக்கிறது.

இறக்குமதி முடிந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். புதிய சேவை ஒவ்வொரு சுட்டிக்கும் போய்க் கட்டுரையை மறுபடி எடுத்துவர வேண்டும். பக்கம் செத்திருந்தால் தலைப்பு மட்டும் நிற்கும். அவற்றைத் தனியே குறித்துக்கொண்டு இந்தக் கட்டுரையின் கடைசி அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: இரண்டு பத்தியோடு கட்டுரை நின்றுவிடுகிறது

சந்தா கட்டி உள்நுழைந்து நீங்கள் முழுக் கட்டுரையையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 'சேமி' என்றதும் சேவையின் வழங்கி அந்த முகவரிக்குத் தானே தனியாகப் போகிறது. உங்கள் சந்தா அதற்குக் கிடையாது. வாசலில் நிற்கும் வழிப்போக்கனுக்குக் காட்டும் முன்னோட்டத்தைத்தான் அதற்கும் காட்டுவார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

வாலபேக்கின் உலாவி நீட்சியில், பக்கத்தை உலாவியிலிருந்தே எடுத்து அனுப்பும்படி சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது, அதை இயக்குங்கள். இல்லையென்றால் சிங்கிள்ஃபைல். உங்கள் கண்ணுக்குத் தெரிவதுதான் அதற்கும் தெரியும் என்பதால் இந்தத் தொல்லையே வராது. கட்டுரையை 1, 2, 3 என்று துண்டு போட்டுக் காட்டும் தளமாக இருந்தால் அச்சிடுவதற்கான பக்கம் இருக்கிறதா என்று தேடி, அதைச் சேமியுங்கள்.

அறிகுறி: கவிதையைக் காணோம்

இதை நான் அனுபவித்தே கற்றேன். ஒரு சிற்றிதழின் தளத்தில் வந்த கவிதையைச் சேமித்து, இரண்டு நாள் கழித்துப் பேருந்தில் திறந்தேன். கவிதை இல்லை. அதன் கீழே ஒரு வாசகர் எழுதியிருந்த நீண்ட கடிதம், அதுதான் கட்டுரை என்பதுபோல் வந்து உட்கார்ந்திருந்தது.

காரணம் சுவையானது. ஒரு வலைப்பக்கத்தில் மெனு, விளம்பரம், தொடர்புடைய செய்திகள் எல்லாம் இருக்க, இதில் எது கட்டுரை என்று மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆர்க்90 என்ற நியூயார்க் நிறுவனம் 2009-இல் ரீடபிலிட்டியில் அதற்கு ஒரு வழி கண்டது. 2010-இல் சஃபாரி உலாவியின் படிப்பு முறைக்குள் (கட்டுரையை மட்டும் தனியே காட்டும் வசதி) அந்த நிரல் போனது. அதன் வழிவந்ததை மொஸில்லா இன்றும் ஃபயர்ஃபாக்ஸில் பராமரிக்கிறது. மொஸில்லாவின் வடிவத்தில் விதிகள் ஏறக்குறைய இப்படி: 25 எழுத்துக்குக் குறைந்த பத்தியைக் கணக்கில் எடுக்காதே. பத்தியில் வரும் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண் கொடு. 100 எழுத்துக்கு ஒரு மதிப்பெண் வீதம் மூன்று வரை கொடு. சுட்டிகளாகவே நிறைந்த பகுதிக்கு மதிப்பெண்ணைக் குறை. அதிகம் வாங்கிய பகுதியே கட்டுரை.

இப்போது என் கவிதையை நினைத்துப்பாருங்கள். வரிக்கு மூன்று நான்கு சொல். காற்புள்ளி ஒன்றுகூட இல்லை. வாசகரோ மூச்சுவிடும் இடத்திலெல்லாம் காற்புள்ளி வைத்து எழுதுகிறவர். போட்டியில் அவர் ஜெயித்துவிட்டார்.

ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் படிப்பு முறைக்கான சின்னமே சில பக்கங்களுக்குத் தோன்றாமல் இருப்பதும் இதே சங்கதிதான். 140 எழுத்துக்குக் குறைந்த பத்திகளை அந்தச் சின்னம் பொருட்படுத்துவதில்லை. நம் எழுத்துக்கு இதில் சின்னச் சலுகை ஒன்று உண்டு: 'ழ்' என்பதை மெய்யும் புள்ளியுமாக இயந்திரம் இரண்டு என்று எண்ணும், 'கோ'வும் இரண்டு. இலக்கண ஆசிரியர் யாரும் ஒப்பமாட்டார். அந்தச் சலுகையும் குறுங்கவிதையைக் காப்பாற்றுவதில்லை.

தீர்வு: கவிதை, சமையல் குறிப்பு, பட்டியல், அட்டவணை ஆகியவற்றைக் 'கட்டுரை பிரித்தெடுக்கும்' சேவை எதிலும் நம்பிப் போடாதீர்கள். பக்கத்தில் வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்து, வலது சொடுக்கில் வரும் சிங்கிள்ஃபைல் மெனுவில், தேர்ந்த பகுதியைச் சேமிக்கச் சொல்லுங்கள். வரி உடைப்பு அப்படியே வரும். குறிப்புச் செயலியில் ஒட்டுவதும் சரிதான், ஆனால் ஒட்டியபின் அடிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டனவா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்தெல்லாம் குலைந்து தெரிகிறது

குலைவில் வகை உண்டு. என்ன மாதிரிக் குலைவு என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும்.

தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ'யும் அதை ஒட்டி வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மறுபடி மறுபடி வருகிறதா? நிம்மதியாக இருங்கள். உள்ளே இருப்பது நல்ல யூனிகோட் தமிழ். திறந்த மென்பொருள்தான் அதை வேறு குறியாக்கம் என்று தப்பாக எண்ணிவிட்டது. யு.டி.எஃப்.-8-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றுதான். அதனால்தான் அந்த இணை திரும்பத் திரும்ப வருகிறது. எக்செல் பிரச்சினை இதுவே. சேமித்த எச்.டி.எம்.எல். கோப்பில் நேர்ந்தால் ஃபயர்ஃபாக்ஸில் திறந்து, 'வியூ' மெனுவில் உரைக் குறியாக்கத்தைச் சரிசெய்யும் வரியைச் சொடுக்குங்கள். பெரும்பாலும் அந்த ஒரு சொடுக்கிலேயே சரியாகிவிடும்.

வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருக்கிறதா? 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜே, கே, பி, ஓ', பின்னால் ஓர் அரைப்புள்ளி நிற்கிறதா? அது பாமினி என்ற பழைய எழுத்துரு. பழைய தளங்கள், குறிப்பாக ஈழத்து, புலம்பெயர் இதழ்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி எழுத்துரு மேலே வந்து அவற்றைத் தமிழாக வரைந்து காட்டும். படிப்பு முறையும் பிறகு-படிக்கும் செயலிகளும் முதல் வேலையாகத் தளத்தின் எழுத்துருவைக் கழற்றிவிட்டுத் தங்களுடையதைப் போடும். முகமூடி கழன்றதும் உள்ளிருக்கும் ஆங்கிலம் தெரிகிறது.

இரண்டும் இல்லாமல், ஐரோப்பிய மொழிகளின் கொக்கியும் தொப்பியும் வைத்த எழுத்துகள் கலந்து கிடந்தால் அது டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கமாகவோ, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம் குறியாக்கங்களில் ஒன்றாகவோ இருக்கும்.

கடைசி இரண்டு வகைக்கும் மருந்து ஒன்றே: உரையை நகலெடுத்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கி, அந்த உரையைச் சேமிப்பது. எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டு வரியை மட்டும் ஒட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நாலாவது முயற்சிக்குள் தமிழ் வந்துவிடும். மாற்றியபின் எண்களையும் ஆங்கிலப் பெயர்களையும் சரிபாருங்கள். பாமினி என்று சொல்லிவிட்டால் மாற்றி எல்லா ஆங்கில எழுத்தையும் தமிழாக்கத்தான் பார்க்கும்; இடையில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொல்லும் அதில் மாட்டிக்கொள்ளும்.

எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிகின்றனவா? கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. மின்படிப்பானில் கேஓரீடர் என்ற படிப்புச் செயலி வைத்திருப்பவர்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை அதன் எழுத்துருக் கோப்புறையில் போட்டால் போதும். மற்றவர்கள் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் இ-பப்பாக மாற்றும்போது எழுத்துருவையும் உள்ளே பொதியச் சொல்லலாம்.

அறிகுறி: பி.டி.எஃப். ஆகச் சேமித்தேன், தேடினால் ஒரு சொல்லும் சிக்கவில்லை

கண்ணுக்கு அழகாக இருக்கும். 'கொடை' என்று தேடினால் இல்லை என்கிறது. நகலெடுத்து ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பி.டி.எஃப். எழுத்தின் வடிவங்களைக் காகிதத்தில் வரைவது போல வைக்கிறது. 'கொ'வில் கொம்பு 'க'வுக்கு முன்னால் வரையப்படும், யூனிகோட் வரிசையிலோ 'க'தான் முதலில். இந்த வரிசைக் குழப்பத்தைப் பல மென்பொருள்கள் சரியாகத் திருப்பிவைப்பதில்லை. அச்சிட மட்டும் பி.டி.எஃப். வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தேட வேண்டிய எதையும் எச்.டி.எம்.எல். அல்லது இ-பப்பாக வையுங்கள்.

அறிகுறி: படங்கள் வரவில்லை

சேமிக்கும் முன் பக்கத்தின் அடிவரை ஒருமுறை உருட்டுங்கள். பல தளங்கள் கண்ணுக்கு எட்டும்போதுதான் படத்தை ஏற்றும்.

அறிகுறி: கைபேசியில் சேமித்தது வேறெங்கும் திறக்கவில்லை

ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி மெனுவின் மேலுள்ள கீழ்நோக்கு அம்பைத் தட்டினால் பக்கம் முழுதாக இறங்கும். அவசரத்துக்கு நல்ல வழி. ஆனால் அது எம்.எச்.டி.எம்.எல். என்ற வகை, ஃபயர்ஃபாக்ஸ் அதைத் திறக்காது. ஐபோன்காரர்கள் சஃபாரியின் படிக்கும் பட்டியலில் போடுகிறார்கள். அமைப்புகளில் தானாக ஆஃப்லைனில் சேமிக்கும் விருப்பத்தை இயக்காதவரை அதுவும் முகவரிப் பட்டியல்தான்.

அறிகுறி: விண்டோஸில் இருந்த கோப்பு லினக்ஸில் ஏற மறுக்கிறது, பெயர் நீளம் என்கிறது

பெயரை எண்ணிப் பார்த்தால் 60 எழுத்துகூட இருக்காது. ஆனால் லினக்ஸ் கோப்பு முறைமைகள் பெயரைப் பைட்டில் எண்ணுகின்றன, 255-க்கு மேல் விடாது. தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு என்றால் 85 குறிகள்தான் கொள்ளும். உயிர்மெய்யும் புள்ளியும் இரண்டிரண்டாகப் போவதால் ஏறக்குறைய 50 எழுத்தில் பை நிறைந்துவிடும். விண்டோஸ் வேறு முறையில் எண்ணுவதால் அங்கே எந்தப் புகாரும் இல்லை. நம் இணைய இதழ்களின் தலைப்புகளோடு ஆசிரியர் பெயரும் தளத்தின் பெயரும் சேர்ந்தால் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். சிங்கிள்ஃபைலின் அமைப்பில் பெயருக்கு நீள வரம்பு வைக்கலாம். நான் கையாலேயே மாற்றிவிடுகிறேன்: முன்னால் தேதி, பின்னால் இரண்டு சொல். '2025-08-14 கீழடி மட்பாண்டம்' என்பது போல. தேதி முன்னால் இருந்தால் கோப்புறை தானே வரிசைப்படும்.

அறிகுறி: சுட்டியே செத்துவிட்டது

வலைப்பதிவு முகவரியின் வால் 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2012 முதல் கூகுள், இந்தியாவிலிருந்து படிப்பவர்களை அந்தந்த வலைப்பதிவின் '.இன்' முகவரிக்குத் திருப்பிவிட்டது. நாமும் முகவரிப் பட்டையில் இருந்ததை அப்படியே எடுத்துச் சேமித்தோம். 2020-இல் அந்த '.இன்' பெயர் கூகுளின் கையை விட்டுப் போனது. அந்தச் சுட்டிகள் எல்லாம் ஒரே நாளில் செத்தவை போல ஆகின. தமிழ் வலைப்பதிவுகள் செழித்த காலத்தில் சேர்த்தவர்களிடம் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. '.இன்' என்பதை '.காம்' என்று மாற்றினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். பாக்கெட் சி.எஸ்.வி. கையில் இருந்தால் இறக்குமதிக்கு முன்பே நோட்பேடில் மொத்தமாகத் தேடி மாற்றிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

அது இல்லையென்றால் பக்கம் உண்மையாகவே போய்விட்டது. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் கிடைக்காமல் போனதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. பழைய வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேர்த்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியை அப்படியே ஒட்டிப் பாருங்கள். நாட்காட்டி ஒன்று வரும். பிரதி எடுத்த நாட்களில் வட்டம் இருக்கும். கடைசித் தேதியைத் தட்டத்தான் கை போகும், தட்டாதீர்கள். தளம் செத்தபிறகு அந்த முகவரியை வாங்கியவர் போட்ட விளம்பரப் பக்கமும் அதில் பிரதியாகியிருக்கும். கட்டுரை வெளிவந்த ஆண்டுக்குப் போய், அதற்குச் சில மாதம் கழித்து உள்ள பிரதியைத் திறங்கள். கிடைத்தால் வேபேக்கின் முகவரியைப் புத்தகக்குறியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், அந்தப் பக்கத்தையே சிங்கிள்ஃபைலில் இறக்கிவிடுங்கள். மேலே வேபேக்கின் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதன் ஓரத்தில் உள்ள மூடும் குறியைத் தட்டிவிட்டுச் சேமித்தால் கட்டுரை மட்டும் மிஞ்சும்.